பாத்திரம் எடுக்கும் தீர்மானமும் சிறுகதையின் போக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகதை எழுதப் பழகுகிறவர்களின் வரைவுகளைப் படித்து, அவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலைகளில் ஒன்று. ஊரும் வயதும் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. "நடை நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் கதை நகரவில்லையாம்" என்று பேச்சு தொடங்கும். சற்று நேரத்தில், பாத்திரம் என்ன தீர்மானித்தது என்ற இடத்தில் வந்து நிற்கும். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நம் தமிழ்க் கதைகள். படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கத்தையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அவற்றின் இறுதியும் அதில் வெளிப்பட்டுவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சம்பவம்தானே கதை? பாத்திரத்தின் தீர்மானம் என்று ஏன் தனியாகப் பேச வேண்டும்?

சம்பவம் யாருக்கும் நடக்கும். வேலை பலருக்குப் போகிறது, மழை எல்லோர் மேலும் பெய்கிறது. அதற்குப் பிறகு இந்த ஒருவர் என்ன செய்தார் என்பதுதான் அவருக்கு மட்டுமே உரியது.

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வந்த கதை. அதில் ருக்மிணியின் தகப்பனார் பணம் போட்டிருந்த அர்பத்நாட் கம்பெனி முறிந்துவிடுகிறது. 1906இல் சென்னையில் உண்மையாகவே முறிந்து பல குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்திய நிறுவனம் அது. ஆனால் முறிவு நடந்ததும் கதை நடந்துவிடவில்லை. பணம் போன சம்பந்தியின் மகள் வேண்டாம் என்று மாமியார் வீட்டில் தீர்மானிக்கிறார்கள். மகன் நாகராஜன் இரண்டாம் கல்யாணத்துக்கு இணங்குவதுபோல் நடித்து, கடைசி நேரத்தில் மறுத்துப் பெற்றோருக்குப் பாடம் கற்பிக்கத் தீர்மானிக்கிறான். அந்த நாடகத்தை மனைவியிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் தீர்மானிக்கிறான். ருக்மிணி அவன் உண்மையிலேயே தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று நம்பிக் குளத்தில் உயிரை விடுகிறாள்.

அதே கம்பெனியில் பணம் இழந்த வேறொரு வீட்டில் வேறொரு கதை நடந்திருக்கும். ஆகவே வரைவை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது, "இந்த இடத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் கதை வேறு பக்கம் போயிருக்குமா?" என்பதைத்தான். போயிருக்காது என்றால் பாத்திரம் அங்கே சும்மா நின்றுகொண்டிருக்கிறது.

எது தீர்மானம், எது வெறும் செயல்? அவன் எழுந்தான், காப்பி குடித்தான், பஸ் ஏறினான். இவையும் அவன் செய்தவைதானே?

செய்தவைதான். ஆனால் அவற்றுக்காக அவன் எதையும் இழக்கவில்லை. இரண்டு வழிகள் இருந்து, எதில் போனாலும் ஒன்று கைவிட்டுப் போகும் என்ற நிலையில் செய்வதைத்தான் தீர்மானம் என்கிறேன்.

ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். பின்னாலும் இது உதவும். சிறிய ஊரில் ஒரு கூட்டுறவு வங்கி. நகைக் கடன் பிரிவில் மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நெருங்கிய நண்பரின் மனைவி, மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க வருகிறார். சங்கிலியைக் கல்லில் உரசித் திராவகம் விட்டதுமே கோடு மறைந்துவிடுகிறது. கவரிங். அந்த அம்மாளுக்கு அது தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. அப்படியானால் அசலை எடுத்துவிட்டு இதை வைத்தது யார்? மதிப்பீட்டாளருக்கு ஊகிக்க அதிக நேரம் ஆகாது. பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பம் அந்தக் கவுன்ட்டரிலேயே உடையும். தங்கம் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்குத் தணிக்கையில் அவருடைய வேலை போகும். "இன்றைக்குக் கணினி வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் அம்மா" என்று அனுப்பிவிட்டு நண்பரைத் தேடிப் போனால், நண்பரின் திருட்டுக்கு அவரும் கூட்டாளி ஆகிறார். நாளைக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாளாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் விலை உண்டு. இந்த மூன்றில் எதை அவர் செய்கிறாரோ அதற்கு ஏற்ப மூன்று வேறு கதைகள் பிறக்கின்றன.

என் கதையில் யாரும் ஓடிப்போகவில்லை, யாரும் சாகவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தில் என்ன தீர்மானம் இருக்க முடியும்?

அளவு முக்கியமே இல்லை. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' ஒரு ரயில் பயணம். அப்பாவோடு போகும் சிறுவன் கையில் ஓர் ஆரஞ்சு. வழியெல்லாம் அதைத் தின்னாமல் பத்திரப்படுத்துகிறான். எதிரே, வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப்படும் ஒரு சிறுமி. இறங்கும் நேரத்தில் சிறுவன் ஆரஞ்சை அவளிடம் கொடுத்துவிடுகிறான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அவன் அதை எவ்வளவு நேரம் கட்டிக் காத்தான் என்று நாம் பார்த்திருக்கிறோம். பையில் பத்துப் பழம் இருந்து ஒன்றைக் கொடுத்திருந்தால் அது பண்பாடு, அவ்வளவே.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடங்குவதே காலணாக் கணக்கில்தான். சென்னையில் பிராட்வே முனையில் நின்றுகொண்டு, டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சுமா, பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பி கிடைக்குமா என்று பிள்ளை யோசிக்கிறார். பஸ் கணக்கில் கண்டக்டரைக் கொஞ்சம் ஏமாற்றும் திட்டமும் உண்டு. கடவுள் வந்து வழி கேட்பதற்கு முன்னாலேயே அந்த மனிதரின் வருமானம், சபலம், சாமர்த்தியம் மூன்றும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. கடவுளிடம் அவர் பின்னால் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கும் அந்தக் காலணாவிலேயே அடித்தளம் விழுந்துவிட்டது.

ஏன் அப்படித் தீர்மானித்தான் என்று வாசகருக்கு விளக்க வேண்டாமா?

விளக்கம் எழுதும் ஆசையை நான் மதிக்கிறேன், ஆனால் அதைப் பெரும்பாலும் அடித்துவிடச் சொல்வேன். "நட்பா கடமையா என்று அவன் மனம் ஊசலாடியது" என்று எழுதிய கணத்தில் வாசகர் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்துவிடுகிறோம். அவருக்கு அங்கே உட்கார இடமில்லை.

அந்த வங்கிக்கே போவோம். மதிப்பீட்டாளர் சங்கிலியை இரண்டாம் முறை உரசுகிறார். முதல் முறையிலேயே தெரிந்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். தராசில் வைக்கிறார், எடையைப் படிவத்தில் எழுதவில்லை. "அண்ணா, பத்து மணிக்கெல்லாம் கட்டிவிட வேண்டும் என்றார்கள்" என்கிறார் அந்த அம்மாள். மதிப்பீட்டாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சங்கிலியைத் திரும்ப உறையில் போடுகிறார். ஊசலாட்டம் முழுவதும் இதில் இருக்கிறது. காரணத்துக்கான தடயங்களைத் தீர்மானத்துக்கு முன்னால் தூவுங்கள். முடிந்த பிறகு உரை எழுதாதீர்கள்.

இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கும் கதையில்? பேச்சும் தீர்மானமா?

திரும்பப் பெற முடியாத ஒரு சொல்லைச் சொன்னால், கட்டாயம். பத்து வருஷமாகச் சொல்லாததை ஒருவர் இன்றைக்குச் சொல்கிறார் என்றால் அதைவிடப் பெரிய செயல் வேண்டாம். தகவல் கொடுப்பதற்காக மட்டும் பேசிக்கொள்ளும் பாத்திரங்களால்தான் கதை தேங்குகிறது.

தற்செயல் வரவே கூடாதா? வாழ்க்கையில் நிறைய தற்செயல் இருக்கிறதே.

இருக்கிறது. கதையிலும் வரலாம், ஆனால் எந்த இடத்தில் என்பதைப் பார்க்க வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன கம்பெனி முறிவு வெளியிலிருந்து வந்து விழுந்ததுதான். அது மனிதர்களை ஒரு மூலைக்குத் தள்ளி, "இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கிறது. அந்த வேலையைத் தற்செயல் தாராளமாகச் செய்யலாம்.

சகிக்க முடியாதது, பாத்திரம் தீர்மானிக்க வேண்டிய நேரத்தில் தற்செயல் வந்து அவரைக் காப்பாற்றுவது. போட்டிக் கதைகளில் எத்தனை லாரிகள் இந்த வேலையைச் செய்கின்றன! மனைவியா காதலியா என்று திணறும் கணவனை லாரி அடித்துவிடும். சொத்தைப் பிரிக்க வேண்டிய பெரியவருக்குச் சரியாக அன்றைக்கு மாரடைப்பு வரும். நம் மதிப்பீட்டாளர் வாயைத் திறக்கப் போகும்போது மின்சாரம் போய், அந்த அம்மாளே எழுந்து போய்விட்டால், எழுதியவர் பயந்துவிட்டார் என்றுதான் நான் நினைப்பேன். அந்த இடத்தில் தைரியமாக உட்கார்ந்து எழுத வேண்டும். கதையின் மிகக் கடினமான பத்தி அதுதான், அதை லாரியிடம் ஒப்படைக்கக் கூடாது.

என் பாத்திரம் பரம ஏழை. அவளுக்குத் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. தீர்மானம் என்பதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அவர்கள் தங்கள் பாத்திரத்தின் கஷ்டத்தை உணர்ந்து கேட்கிறார்கள். ஆனாலும் விடை, இல்லை என்பதுதான். வழிகள் குறையக் குறைய ஒவ்வொரு தீர்மானத்தின் விலையும் ஏறுகிறது. வசதி உள்ளவர் தவறாகத் தீர்மானித்தால் பணத்தால் சரிக்கட்டலாம். இல்லாதவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'பொன்னகர'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாளு ஆலையில் வேலை செய்கிறவள். புருஷன் முருகேசன் குதிரை வண்டிக்காரன். வண்டி விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும். வீட்டில் காசில்லை. அவள்மேல் கண் வைத்திருந்த ஒருவன் சந்தில் நிற்கிறான். அவள் போகிறாள், முக்கால் ரூபாயோடு வருகிறாள். மிகச் சில பக்கங்களில் கதை முடிந்துவிடுகிறது. அவளை வறுமை துரத்தியது என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். கஞ்சி இல்லை என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் படுத்திருக்கவும் அவளால் முடியும். அவள் அவனுடைய பசியைப் பெரிதாக நினைத்தாள். கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்து ஆசிரியர் கடைசியில் கேட்கும் கேள்விக்கு இவ்வளவு சூடு இருப்பதற்குக் காரணம், அம்மாளு வெறும் பலியாக இல்லாமல் ஒன்றைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்ததுதான்.

ஏழையை வைத்துக் கதை எழுதும்போது அவரைக் கண்ணீரோடு உட்கார வைத்துவிட்டு விதியையும் சமூகத்தையும் மட்டும் நகரவிடுவது, இரக்கம் போலத் தெரிந்தாலும் ஒரு வகை அவமதிப்பு என்றே எனக்குப் படுகிறது. அவருக்கும் பிடிவாதம் உண்டு, கணக்கு உண்டு, கர்வம் உண்டு. அவற்றை எழுதுங்கள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் தீர்மானம் ஆகுமா?

ஆகும், ஒரு நிபந்தனையோடு. செய்ய முடியும் என்பது அவருக்கும் வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில் குழந்தைகள் கதைசொல்லியை மொய்த்துக்கொள்கிறார்கள். அவர் சிலருக்கு டைரி கொண்டுவந்து கொடுக்கிறார், சாரங்கனுக்குக் கொடுக்கவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பையன் மனதில் என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு சாரங்கன் அவரை வீட்டுக்கு அழைத்து உபசரித்து, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, பிரியமுள்ள தனக்கு அன்பளிப்பு என்று அவர் கையால் எழுதித் தரச் சொல்கிறான். பெரியவர் செய்யாமல் விட்டதைச் சிறுவன் தன் தீர்மானத்தால் நிரப்பிக்கொள்கிறான். அவர் முதலிலேயே டைரி கொடுத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. செய்யாததன் பலன் இன்னொருவர் செய்கையில் வந்து தைக்கிறது. ஒன்றும் செய்யாத பாத்திரத்தை வைத்துக் கதை எழுத நினைப்பவர்கள் இந்தக் கட்டுமானத்தைப் பலமுறை படிக்க வேண்டும்.

நல்லவன் தப்பான தீர்மானம் எடுத்தால் வாசகர் அவனை வெறுத்துவிடுவாரே?

நாகராஜனை யாரும் வெறுப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவனை நினைத்தால் பரிதாபமும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. மனைவிமீது அவனுக்கு அன்பு உண்டு. நாடகம் போடுவதில் இளவயதுக்குரிய ஒரு குஷியும் உண்டு. அந்தக் குஷிதான் அவளைக் கொன்றது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் கதை வெறும் கொடுமைக்காரப் புருஷன் கதையாகச் சுருங்கியிருக்கும். தவறான தீர்மானம் பாத்திரத்தின் நல்ல குணத்திலிருந்தே முளைத்தால் வாசகர் அவரோடு ஒட்டிக்கொள்கிறார்.

வாசகர் மன்னிக்காத ஒன்று உண்டு. கதை நகர வேண்டும் என்பதற்காகப் புத்திசாலியான பாத்திரம் திடீரென்று முட்டாளாவது. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும் குழப்பத்தை எட்டுப் பக்கம் இழுத்தால், அவர் ஏன் அழைக்கவில்லை என்பதற்கு அவர் குணத்திலிருந்தே ஒரு காரணம் கிடைத்தாக வேண்டும்.

கதையின் இறுதியை முதலிலேயே யோசித்துவிட்டேன். ஆனால் பாத்திரம் அங்கே போக மறுக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பெரும்பாலும் பாத்திரத்தை. அது தானாக எழுந்து நடக்கிறது என்பதை நான் மாயமாகச் சொல்லவில்லை. முதல் ஐந்து பக்கங்களில் நீங்கள் கொடுத்த பேச்சும் பழக்கமும் சேர்ந்து ஒரு குணத்தை உண்டாக்கியிருக்கின்றன. ஆறாம் பக்கத்தில் அதற்கு எதிராக எழுதும்போது உங்கள் காதே அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நெருடலைத்தான் "போக மறுக்கிறது" என்கிறோம்.

இறுதியை விட மனமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு: முன்னே போய் அந்த மனிதரை மாற்றுங்கள். மதிப்பீட்டாளர் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது உங்கள் விருப்பம் என்றால், சொல்லக்கூடிய ஆளாக அவரை மூன்றாம் பக்கத்திலேயே காட்டியிருக்க வேண்டும். ஒரு பாட்டியிடம் எடைக் குறைவை மறைக்காமல் சொல்லி அவருடைய திட்டை வாங்கிக்கொள்வதாக ஒரு சிறு நிகழ்ச்சி போதும். ஒரு செய்தியைச் சொல்வதற்காகவே கதை எழுதுகிறவர்கள்தான் இந்த இடத்தில் அதிகமாகத் தடுக்கி விழுகிறார்கள். செய்தி நல்லதாகவே இருக்கும். அதைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட மனிதர்தான் மரப்பாவையாகிவிடுகிறார்.

ஒரே ஒரு தீர்மானத்தை மாற்றினால் கதை உண்மையிலேயே அவ்வளவு மாறிவிடுமா?

இதற்குத் தமிழில் இருப்பதுபோல் தெளிவான சான்று வேறு மொழிகளில் அபூர்வம் என்று நினைக்கிறேன். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை நாளில் பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு கல்லூரி மாணவியை ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அவள் சீரழிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள், அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மா முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் என்னவென்று விசாரிக்கிறார்கள். அந்த நொடியில் அவள் தன்னைத் திரட்டிக்கொண்டு, மகள் மழையில் தெப்பமாக நனைந்து வந்துவிட்டாள், அதற்குத்தான் கோபம் என்று சொல்லி வாசலை அடைத்துவிடுகிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

கதையைப் பற்றி அப்போது பெரிய சர்ச்சை எழுந்தது. பிறகு ஜெயகாந்தன் அந்த அம்மாவின் தீர்மானத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். அக்கம்பக்கத்தார் கேட்கும்போது அவள் மறைக்காமல் ஊரறியக் கதறியிருந்தால்? அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா ஆதரவில் படித்து, வேலைக்குப் போய், தனியாக நிற்கும் அந்தப் பெண் கங்கா, ஆண்டுகள் கழித்து அந்தக் கார்க்காரனையே தேடிப் போகிறாள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் இப்படிப் பிறந்தது. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றது. மழை அதே மழை, கார் அதே கார், பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையும் அதே. வாசலில் நின்றவர்களுக்கு அம்மா சொன்ன பதில் ஒன்றுதான் வேறு.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் காரில் ஏறியதைத்தான் கதையின் தீர்மானம் என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அவளுக்கு நேர்ந்தது இன்னொருவன் செய்த செயல். பக்கங்களில் அதிகம் வருகிறவள் மகள் என்றாலும், கதையின் போக்கு அம்மாவின் கையில் இருக்கிறது. உங்கள் கதையிலும் யார் கையில் போக்கு இருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் அது நீங்கள் நாயகன் என்று நினைத்தவரிடம் இருக்காது.

கடைசி வரியில் திருப்பம் வைத்தால் போதாதா?

தகவலை ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்து நீட்டும் திருப்பம் ஒருமுறை அதிரவைக்கும், மறுமுறை வாசிக்கும்போது வெறுமையாக இருக்கும். தீர்மானத்திலிருந்து வரும் திருப்பம் அப்படி அல்ல. சாரங்கன் டைரியை நீட்டுவதும் எதிர்பாராததுதான். ஆனால் மீண்டும் படிக்கும்போது முதல் பக்கத்திலிருந்தே அவன் அதை நோக்கி வந்துகொண்டிருப்பது தெரியும்.

ஒரு சிறுகதையில் எத்தனை தீர்மானங்கள் இருக்கலாம்?

எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஒரு பெரிய தீர்மானமும் அதற்குக் கொண்டுவிடும் சிறியவை சிலவும் இருந்தால் சிறுகதை தாங்கும். பெரியவை மூன்று நான்கு வந்துவிட்டால் கையில் இருப்பது நாவலின் சுருக்கம்.

ஒன்றுமே நிகழாத, மனநிலை மட்டும் இருக்கும் கதைகளை என்ன சொல்வீர்கள்?

அவற்றை மிகவும் நேசிக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' இதற்குப் பொருத்தமான கதை. கணவர் சென்னை ஆஸ்பத்திரியில் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வருகிறது. குஞ்சம்மாள் தம்பியோடு கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் புறப்படுகிறாள். ரயிலில் உட்கார்ந்துகொண்டு அவர்களால் எதையும் மாற்ற முடியாது. முதலில் சொன்ன சோதனையை இங்கே வைத்தால் கதை தோற்றுப்போகும் போலத் தெரியும்.

ஆனால் ரயிலுக்குள் கவனியுங்கள். பயத்தைச் சொல்லலாமா, விழுங்கலாமா? ஒருவர் சொன்ன ஆறுதலை மற்றவர் நம்புவதா, நம்புவதுபோல் இருப்பதா? நிமிஷத்துக்கு நிமிஷம் அக்காளும் தம்பியும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். வெளியே எதுவும் நகராத கதையில் தீர்மானம் உள்ளே போய்விடுகிறது, எதை நம்புவது, எதைப் பேசாமல் விடுவது என்று. மனநிலைக் கதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வானத்தையும் மழையையும் மட்டும் வர்ணிப்பவர்களின் வரைவுகளில் இந்த உள் அசைவு இருக்காது. அதனால்தான் அவை நாலாவது பத்தியில் நின்றுவிடுகின்றன.

எல்லோருக்கும் தெரிந்த புராணக் கதையை எடுத்தால், பாத்திரத்துக்குத் தீர்மானிக்க ஏது இடம்? முடிவுதான் ஊருக்கே தெரியுமே.

பழைய கதை எங்கே முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்களோ, அதற்கு அடுத்த நாளிலிருந்து தொடங்குங்கள். புதுமைப்பித்தன் 1943இல் 'சாப விமோசன'த்தில் செய்தது அதுதான். ராமன் பாதத் தூளி பட்டு அகலிகை பெண்ணாகிவிட்டாள். புராணத்துக்கு அத்தோடு திருப்தி. இவரோ அவள் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தாள், ஊரார் பார்வையை எப்படித் தாங்கினாள், கோதமனோடு எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்று கேட்கிறார். வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்த செய்தியைச் சொல்கிறாள். ராமன் அதைக் கேட்டான் என்பதை அகலிகையால் ஏற்க முடியவில்லை. தன்னை மன்னித்தவனே தன் மனைவியிடம் நிரூபணம் கேட்டிருக்கிறான். அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

முதல் முறை கல்லானது இன்னொருவர் இட்ட சாபம். இரண்டாம் முறை யாரும் சபிக்கவில்லை. ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்று ஆசிரியரே குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தத் துணிவு இல்லாமல் புராணத்தைத் தொட்டால் உரைநடைச் சுருக்கம்தான் மிஞ்சும். ஆகவே மறுகூறல் எழுத வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: மூலத்தில் உங்கள் பாத்திரத்தின் சார்பில் பிறர் தீர்மானித்துவிட்ட இடம் எது? அதைக் கண்டுபிடித்து, அந்தக் காட்சியை அவர் கையில் கொடுத்து எழுதிப் பாருங்கள்.